சின்ன மோதல்: கிளேம் போடலாமா, கைக்காசில் முடிக்கலாமா?

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் காருக்கு அடிபடப் பெரிய விபத்து எதுவும் வேண்டியதில்லை. ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறினாலும் நமக்கு இன்னும் பத்தாங்தான். மலேசியாவிலேயே முதன்முதலாக வர்த்தக முறையில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இங்கேதான் இருக்கிறது, அது 1917இல். இன்றைக்கும் சாலையில் பாதி இடம் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்குத்தான். லாரி தெறிக்கும் கல், பாசார் மாலாம் (இரவுச் சந்தை) அன்று நெருக்கி நிறுத்தியதில் விழுந்த கீறல், சந்திப்பில் மோட்டர்காரர் உரசிய உரசல், வீட்டு முன்னால் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் முட்டிய பம்பர். எங்கள் ஊர் அடிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

ரோட்டேக்ஸ், இன்சூரன்ஸ் புதுப்பித்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறது. "தம்பி, வருஷா வருஷம் காசு கட்டுறோமே, இப்ப கிளேம் பண்ணிடலாமா?" கேள்வியில் இருக்கும் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. கட்டிய காசுக்கு ஒரு பலன் வேண்டாமா? ஆனால் பதில் ரிப்பேர் செலவு எவ்வளவு என்பதை மட்டும் பொறுத்ததில்லை. உங்கள் என்.சி.டி., அதாவது கிளேம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கழிவு, உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் முதல் கேள்வி. அதைக் கேட்காமலேயே பாதிப் பேர் முடிவெடுத்துவிடுகிறார்கள். தப்பு தன்னுடையதாக இருக்கும்போது அவசரப்பட்டுக் கிளேம் போட்டு, ஐந்து வருடம் கூடுதலாகக் கட்டுபவர்கள் உண்டு. தப்பு தன்னுடையதே இல்லை என்றாலும் என்.சி.டி. போய்விடும் என்று பயந்து, கைக்காசைப் போட்டுச் செய்துகொள்பவர்களும் உண்டு. இரண்டாவது வகையைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனது அதிகமாகச் சங்கடப்படும்.

முதலில் கணக்கு. தனியார் காருக்கு என்.சி.டி. படிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கிளேம் இல்லாமல் ஒரு வருடம் ஓடினால் 25 விழுக்காடு, அடுத்து 30, பிறகு 38.33, 45, கடைசியில் 55. அதற்கு மேல் ஏறாது. ஆனால் இறங்கும்போது படிப்படியாக இறங்குவதில்லை. ஒரே ஒரு கிளேம் போதும், 55இல் இருப்பவர் நேராகப் பூஜ்யத்துக்கு வந்து, திரும்ப ஒவ்வொரு வருடமாக ஏற வேண்டும்.

"சரி, அடுத்த வருஷம் கொஞ்சம் கூடக் கட்டணும், அவ்வளவுதானே?" என்று கேட்பார்கள். அங்கேதான் கணக்கு தப்புகிறது. அடிப்படைப் பிரீமியம் 1,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு இருந்தால் 450தான் கட்டுவீர்கள். கிளேம் போட்ட பிறகு முதல் வருடம் முழு 1,000, அதாவது 550 கூடுதல். இரண்டாம் வருடம் 25 விழுக்காடு கழிந்து 750, 300 கூடுதல். மூன்றாம் வருடம் 700, 250 கூடுதல். நான்காம் வருடம் சுமார் 617, 167 கூடுதல். ஐந்தாம் வருடம் 550, 100 கூடுதல். ஆறாம் வருடம்தான் பழைய 450க்குத் திரும்புகிறீர்கள். எல்லாம் கூட்டினால் 1,367 வெள்ளி. பிரீமியத்துக்குச் சேவை வரி 8 விழுக்காடு இருப்பதால் அதையும் சேர்த்தால் ஏறக்குறைய 1,476.

ஆக 55இல் இருப்பவருக்கு ஒரு கிளேமின் விலை, அவருடைய அடிப்படைப் பிரீமியத்தைப் போல ஒன்றரை மடங்கு. வரியும் இதில் அடக்கம். கார் வயதாகி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் இறங்கும் என்பதால் நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறையலாம். ஆனால் 2017 ஜூலையிலிருந்து முழுக் காப்புறுதிக்கு நிறுவனங்களே விலை வைக்கின்றன. கிளேம் போட்ட ஆளுக்கு அடிப்படை விலையையே கூட்டிப் போடவும் முடியும். அதனால் நான் ஒன்றரை மடங்கு என்றே வைத்துக்கொள்வேன். உங்கள் பாலிசித் தாளில் அடிப்படைப் பிரீமியம், என்.சி.டி. கழிப்பதற்கு முன்னால் உள்ள தொகை, தனி வரியில் இருக்கும். பலர் கடைசியில் கட்டிய தொகையை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்தத் தொகையை வைத்துக் கணக்குப் போட்டால் பாதிதான் வரும்.

எல்லாருக்கும் இந்த ஒன்றரை மடங்கு இல்லை. இப்போது 45இல் இருப்பவருக்கும் இதே கணக்குதான், ஏனென்றால் அடுத்த வருடம் 55க்கு ஏற வேண்டியவர் பூஜ்யத்துக்கு வருகிறார். 38.33இல் இருப்பவர் வரி சேர்க்காமல் ஆயிரத்துக்கு 1,267 இழப்பார். 30இல் இருப்பவர் 1,100. 25இல் இருப்பவர் 850. புதுக் கார், முதல் வருடம், இன்னும் என்.சி.டி.யே இல்லை என்றால் 550. கீழ்ப்படியில் இருப்பவருக்குக் கிளேம் மலிவு. இதைச் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். "புதுக்காடி, இப்பவே கிளேம் போட்டா பேர் கெட்டுடுமே" என்று நினைத்துக் கைக்காசைச் செலவழிப்பது அவர்கள்தான்.

இன்னொன்று. என்.சி.டி. காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். "பழைய சாகா, அடுத்த வருஷம் விக்கப் போறேன், போனா போகட்டும்" என்று ஒரு அண்ணன் சொன்னால் நான் கொஞ்சம் நிறுத்திப் பேசுவேன். சாகாவை விற்றாலும் அந்த 55ஐப் புதுக் காருக்குக் கொண்டுபோகலாம். புதுக் காரின் அடிப்படைப் பிரீமியம் 2,500 என்றால், பழைய காரின் பம்பருக்காகப் போட்ட கிளேம் அங்கே வரி இல்லாமலே 3,400 வெள்ளிக்கு மேல் தின்றுவிடும்.

இத்தனையும் தப்பு உங்களுடையதாக இருந்தால்தான். அடுத்தவர் தப்பு என்றால் இந்தக் கணக்கே தேவையில்லை.

சந்திப்பில் நீங்கள் நின்றுகொண்டிருக்கிறீர்கள், பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். போலீஸ் விசாரணையும் அவர் தப்பு என்கிறது. அப்போது உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, உங்கள் சொந்த இன்சூரன்ஸ் நிறுவனத்திடமே போய் 'நாக் ஃபார் நாக்', சுருக்கமாகக் கே.எஃப்.கே., முறையில் கிளேம் போடுவது. உங்கள் நிறுவனம் ரிப்பேர் செய்து கொடுக்கும், என்.சி.டி. அப்படியே இருக்கும். இதற்கு உங்களிடம் ஃபர்ஸ்ட் பார்ட்டி, அதாவது முழுக் காப்புறுதி, இருக்க வேண்டும். இரண்டு, இடித்தவருடைய நிறுவனத்திடம் தேர்ட் பார்ட்டி கிளேம் போடுவது. இதிலும் உங்கள் என்.சி.டி.க்கு ஒன்றும் ஆகாது. ரிப்பேருக்காகக் கார் இல்லாமல் இருந்த நாட்களுக்கு இழப்பீடும் கேட்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு நிறுவனத்தோடு பேசி, சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வந்து, தொகை ஒத்துக்கொண்டு, காசு கைக்கு வர நேரம் ஆகும்.

என்னைக் கேட்டால், ஃபர்ஸ்ட் பார்ட்டி வைத்திருப்பவர் சின்ன அடிக்கு கே.எஃப்.கே. வழியில் போவதே நல்லது. தோட்டத்திலிருந்து ஷா ஆலாம் வரை தினமும் வேலைக்கு ஓட்டுகிற ஒருவரால் மாதக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருக்க முடியாது. தேர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான காப்பு, மட்டும் எடுத்திருப்பவருக்கு (நம் ஊரில் பழைய கார்களில் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் அனுபவம்) இரண்டாவது வழி மட்டும்தான் உண்டு. நேரம் எடுத்தாலும் அதை விட்டுவிடாதீர்கள். எல்லா மோதலுக்கும் கே.எஃப்.கே. பொருந்தாது என்பதால், "கிளேம் போடுகிறேன்" என்று மட்டும் சொல்லாமல், "இது கே.எஃப்.கே.யா, என்.சி.டி. போகாதா?" என்று நேராகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் படிவத்தை நிரப்பும்போது சாதாரணச் சொந்தச் சேதக் கிளேமாகப் போட்டுவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

இதன் மறுபக்கமும் இருக்கிறது, இது அதிகம் பேருக்குத் தெரியாது. தப்பு உங்களுடையது, அடிபட்டவர் உங்கள் பாலிசியின் மேல் கிளேம் போட்டுவிட்டார் என்றால், நீங்கள் ஒரு காசு கேட்காவிட்டாலும் உங்கள் என்.சி.டி. போய்விடும். அப்படி அது போவது உறுதியாகிவிட்டால், உங்கள் காருக்கு நீங்கள் கைக்காசு போடுவதில் அர்த்தமே இல்லை. என்.சி.டி. ஏற்கெனவே போய்விட்டது, அதே மோதலுக்கு நீங்களும் கிளேம் போடுவதால் அது இன்னொரு தடவை போகாது. அந்த நிலையில் 600 வெள்ளி வேலையாக இருந்தாலும் கிளேம் போடுங்கள் என்பேன். அதனால்தான் முடிவெடுப்பதற்கு முன் எதிராளியிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்கிறேன்: "நீங்க கிளேம் பண்றீங்களா, இல்ல நான் செஞ்சு குடுக்கட்டுமா?"

இனி, கிளேம் போட்டால் முழுத் தொகையும் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்காது. கார் ஐந்து வயதுக்குக் குறைவாக இருந்தால் பரவாயில்லை. ஐந்தைத் தொட்டதிலிருந்து பெட்டர்மெண்ட் என்று ஒன்று வரும். பழைய சாமானுக்குப் பதில் புது ஒரிஜினல் சாமான் போடுவதால், அதன் விலையில் ஒரு பங்கை நீங்கள் கட்ட வேண்டும். ஐந்தாவது வயதில் 15 விழுக்காடு வரை. வயது ஏற ஏற ஐந்தைந்தாகக் கூடி, பத்து வயதிலிருந்து 40 விழுக்காடு வரை போகும். பத்து வயது மைவிக்கு 500 வெள்ளி ஹெட்லேம்ப் மாற்றினால் அதில் 200 உங்கள் பையிலிருந்து போகலாம். இது சாமான் விலைக்கு மட்டும்தான். தட்டுவது, சாயம் அடிப்பது போன்ற கூலிக்கு இல்லை. பெட்டர்மெண்ட் வேண்டாம் என்று முன்கூட்டியே சேர்த்து வாங்கிக்கொள்ளும் வசதியும் சில பாலிசிகளில் உண்டு.

அப்புறம் எக்ஸஸ். ஓட்டியவர் 21 வயதுக்குக் குறைந்தவரா, பி லைசென்ஸ் (புதிதாக ஓட்டப் பழகியவருக்கான தற்காலிக லைசென்ஸ்) வைத்திருப்பவரா, அல்லது பாலிசியில் பெயர் இல்லாதவரா? இதில் ஒன்று பொருந்தினாலும் முதல் 400 வெள்ளியை நீங்கள்தான் ஏற்க வேண்டும். இங்கே உனிசெல் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் அப்பாவின் காரை எடுத்து ஓட்டுகிறார்கள், பெயரைச் சேர்த்தோமா என்று யாரும் பார்ப்பதில்லை. பெயர் சேர்த்தாலும் பி லைசென்ஸுக்கான 400 இருக்கத்தான் செய்யும். தப்பு உங்களுடையது என்று போலீஸ் முடிவு செய்தால் பொதுவாக 300 வெள்ளி சம்மன் ஒன்றும் வரும். அது இன்சூரன்ஸ் கணக்கில் வராது, ஆனால் உங்கள் கணக்கில் வரும்.

இப்போது ஒரு காரை எடுத்துப் பார்ப்போம். ஏழு வயது சாகா, அடிப்படைப் பிரீமியம் 1,000, என்.சி.டி. 55. மகன் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் முட்டிவிட்டான். அவனுக்குப் பி லைசென்ஸ். ஊர்ப் பட்டறையில் 900 வெள்ளி சொல்கிறார்கள். கிளேம் போட்டால் 400 எக்ஸஸ் போய்விடும், புதுப் பம்பர் என்றால் 25 விழுக்காடு வரை பெட்டர்மெண்ட். இரண்டும் போக மிஞ்சுவது 500க்கும் கீழே. அதற்காக 1,476 வெள்ளியைத் தூக்கிக் கொடுப்பது நியாயமே இல்லை. இதே காரில் அடி 3,500 வெள்ளி வேலை என்றால், எக்ஸஸும் பெட்டர்மெண்டும் போனாலும் கையில் வருவது என்.சி.டி. இழப்பைவிட நன்றாகவே அதிகம். அப்போது கிளேம். இடையில் 1,800, 2,200 என்று வந்தால்தான் குழப்பம். அந்த இடத்தில் நான் கேட்பது, இப்போது கையில் காசு இருக்கிறதா என்பதை. இருந்தால் கைக்காசு, இல்லாவிட்டால் கிளேம். வட்டிக்குக் கடன் வாங்கி என்.சி.டி.யைக் காப்பாற்றச் சொல்ல எனக்கு மனது வராது.

ஒப்பிடும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பட்டியலில் உள்ள பேனல் பட்டறை போடும் விலையும் ஊர்ப் பட்டறையில் காசு கொடுத்துச் செய்யும் விலையும் ஒன்றில்லை. இன்சூரன்ஸ் வேலையில் ஒரிஜினல் சாமான், முழுச் சாயம் என்று போகும். காசுக்குச் செய்யும் போமன் (பட்டறைக்காரர்) பழைய பம்பரையே சூடு காட்டி நெளிவை எடுத்து, பூசிக் கொடுத்துவிடுவார். "2,000 வெள்ளி வேலையாம்" என்று பேனல் விலையை வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். காசுக்கு என்ன விலை என்று கேட்டு, அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

விலை கேட்பதற்கு முன் பம்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே பார்த்தால் சாயம் உரிந்து, அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தெரியும். அவ்வளவுதான் என்று தோன்றும். கழற்றினால் உள்ளே பிடித்து நிற்கும் கொக்கி ஒடிந்திருக்கும், இரும்புச் சட்டம் ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கும், ரிவர்ஸ் சென்சர் ஒயர் நசுங்கியிருக்கும். கழற்றாமலே ஒரு சோதனை செய்யலாம். பூட் மூடியை மூடிவிட்டு, இரண்டு பக்க இடுக்கிலும் விரல் நுனியை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் விரல் நுனி நுழைந்து மறுபக்கம் நகம்கூட நுழையவில்லை என்றால் அடி உள்ளே போயிருக்கிறது. அது 300 வெள்ளி சாய வேலை இல்லை. ஹெட்லேம்ப் பக்கம் அடி என்றால் பானெட் இடுக்கில் இதையே செய்யலாம். இந்த ஐந்து நிமிடம் பல சமயம் முடிவையே மாற்றிவிடும்.

கல் தெறித்து முன் கண்ணாடியில் கீறல் விழுந்தால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். கண்ணாடிக்கென்று தனியாக எடுத்த காப்புறுதி இருந்தால் தயங்காமல் கிளேம் போடுங்கள். என்.சி.டி. போகாது. காப்புத் தொகையில் 15 விழுக்காடுதான் இதன் விலை. 1,000 வெள்ளிக் கண்ணாடிக்கு வருடம் 150. குலை லாரிக்குப் பின்னால் ஓடுகிற நமக்கு இதைவிட உபயோகமான காசு வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன். கிளேம் போட்டதும் அந்தக் காப்பு முடிந்துவிடும், திரும்ப எடுக்க மறக்காதீர்கள். டின்ட் ஒட்டியிருந்தால் அந்த விலையையும் சேர்த்துத் தொகை போட வேண்டும். பக்கக் கண்ணாடி மிர்ரர் இதில் வராது. தனியாக எடுக்காதவர் கண்ணாடிக்காக முழுப் பாலிசியில் கிளேம் போட்டால் என்.சி.டி.யை இழப்பார், அவருக்குக் கைக்காசுதான்.

இவ்வளவையும் யோசிக்க நேரம் வேண்டுமே? இருக்கிறது, ஆனால் ஒரு வேலையை முதலில் முடித்தால். சாலைப் போக்குவரத்துச் சட்டம் 1987இன் 52ஆம் பிரிவு, விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸில் புகார் செய்யச் சொல்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்க ஏழு நாள். மருத்துவமனையில் படுத்திருந்தால் முப்பது. ரிப்போர்ட் செய்வது வேறு, கிளேம் போடுவது வேறு. ரிப்போர்ட் செய்ததால் மட்டும் என்.சி.டி. போகாது. முதல் நாள் ரிப்போர்ட்டை முடித்துவிட்டால் மீதி நாட்களில் பட்டறைக்குப் போகலாம், விலை கேட்கலாம், வீட்டில் பேசலாம்.

ஆனால் நம் ஊரில் நடப்பது வேறு. தெரிந்த முகம், ஒரே கோயில் திருவிழா, "விடுங்கண்ணே, நான் 200 வெள்ளி தந்துடறேன்" என்று சாலை ஓரத்திலேயே பேசி முடித்துவிடுவார்கள். மனசு நல்ல மனசுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய்ப் பம்பரைக் கழற்றியதும் 200 போதவில்லை என்று தெரியும். அல்லது காசு வாங்கிய ஆள் இரண்டு நாள் கழித்துக் கழுத்து வலி என்று ரிப்போர்ட் செய்துவிடுவார், உங்களிடம் ஒரு தாளும் இருக்காது. பேசித் தீர்ப்பதானாலும் தீருங்கள், ஆனால் இரண்டு வண்டியையும் நம்பர் தெரியப் படம் எடுத்து, தொகையும் "இத்துடன் முடிந்தது" என்பதும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ரிப்போர்ட்டையும் செய்துவிடுங்கள்.

கிளேம் போடுவதென்று முடிவானதும் சில பட்டறைகளில் ஒரு யோசனை வரும்: "பழைய கீறலையும் இதுலயே சேத்துப் போட்டுடலாம்." வேண்டாம். அட்ஜஸ்டர் துருவையும் பழைய புட்டியையும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். நியாயமான கிளேமும் சேர்ந்து நின்றுபோகும். அதைப் பொய்க் கணக்கு என்று சொன்னால் மறுக்க முடியாது.

அடுத்த வருடம் புதுப்பிக்க வரும்போது, என்.சி.டி. எவ்வளவு என்று 'மைகார்இன்ஃபோ' இணையத்தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கே.எஃப்.கே. வழியில் போயும் அங்கே பூஜ்யம் காட்டினால் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு கேட்கலாம் என்று விடாதீர்கள். போலீஸ் ரிப்போர்ட், விசாரணை முடிவு, எழுத்தில் வாங்கிய அந்தப் பதில் மூன்றையும் வைத்து முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். அவர்கள் மறுத்தால் நிதிச் சந்தை குறைதீர்ப்பாளர் சேவை, எஃப்.எம்.ஓ.எஸ்., இருக்கிறது, 2025 ஜனவரியிலிருந்து இந்தப் பெயரில் இயங்குகிறது. பயனீட்டாளர் அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. எழுத உதவி வேண்டுமென்றால் உங்கள் ஏஜெண்டிடம் கேளுங்கள். அதுவும் அவர் வேலைதான்.